மாடி ஏறும் முன் மீட்டர் அட்டை

சேலத்தில் வீடுகளுக்கு சோலார் பேனல் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் சர்வே பார்ப்பது என் வேலை. யாராவது விசாரித்தால் அந்த வீட்டுக்குப் போவேன். மொட்டை மாடியை டேப் வைத்து அளப்பேன், நிழல் விழும் இடங்களைக் குறித்துக்கொள்வேன், எத்தனை கிலோவாட் போடலாம் என்று எழுதிக் கொடுப்பேன். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த அம்மாபேட்டைப் பெண்ணுக்கு ஊரை விட்டுப் போகாமலே கிடைத்த வேலை.

வீட்டுக்காரர் "வாம்மா, மாடியப் பாத்துடலாம்" என்று படியைக் காட்டுவார். நான் "முதல்ல இ.பி. அட்டையக் காட்டுங்கய்யா" என்பேன். மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் அந்த வெள்ளை அட்டையில், ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிவிட்டுப் போன எண்கள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்தாலே இந்த வீட்டில் பேனல் ஏறுமா ஏறாதா என்பது பாதி தெரிந்துவிடும். மாடியெல்லாம் அப்புறம்தான்.

சேலத்து வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஊருக்குள் குகை என்கிற பகுதியிலும் அதே 4 யூனிட்தான், வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸிலும் அதே 4 யூனிட்தான். ஆனால் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பேனல் மின்னுகிறது. குகையில் தேடித்தான் பார்க்க வேண்டும். பணக்காரன் போடுகிறான், ஏழை போடவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், கையில் காசு இருக்கும் குகைக்காரரும் போடுவதில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடாமல் இருக்கிறார்.

அந்தக் கணக்கு இதுதான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016இலிருந்து. அதற்கு மேல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குள். 400 வரை ஐந்து ரூபாய்க்குள். இதெல்லாம் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டரை ரூபாய்ச் சலுகை போய்விடும், மேற்கொண்டு ஓடும் யூனிட்டுகள் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் பதினொரு ரூபாயையும் தாண்டும். 500 யூனிட் ஓட்டியவருக்கும் 510 ஓட்டியவருக்கும் பில்லில் 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஏசி ரிமோட்டை ஒளித்து வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீடு. இரண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு போர் மோட்டார். பில் ஏழாயிரம் ரூபாய் வாக்கில் வரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் கழியும். மிச்சம் 300க்குள் நிற்கும். அதிக விலையுள்ள மேல்தட்டு யூனிட்டுகள்தான் முதலில் கழிகின்றன என்பதால் ஏழாயிரம் சில நூறுகளாக இறங்கிவிடும். எங்கள் கடையில் 3 கிலோவாட் இரண்டு லட்சம் வாக்கில் ஆகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். போட்ட பணம் மூன்று, நாலு வருடத்தில் திரும்பிவிடும்.

இன்னொன்று, 200 யூனிட்டுக்குள் ஓடும் வீடு. நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி. பில் 250 ரூபாய்கூட வராது. 1 கிலோவாட் போட்டால் அந்த பில் ஏறக்குறைய பூஜ்ஜியம் ஆகிவிடும். நல்லதுதான். ஆனால் மானியம் 30,000 போக கையிலிருந்து 40,000க்கு மேல் இறக்க வேண்டும். வருடத்துக்கு மிச்சம் ஆயிரத்து ஐந்நூறுகூட இல்லை. போட்ட பணம் திரும்ப 30 வருடம் ஆகும். பேனலுக்கு வாரன்டியே 25 வருடம்தான். இந்த வீட்டம்மாவிடம் "சூரியன் இலவசம்க்கா" என்று நான் எந்த முகத்தோடு பேசுவது? அரசாங்கமே அவருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குஜராத்திலும் கேரளாவிலும் வீட்டுக் கூரைகள் நம்மை முந்திக்கொண்டு போவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த முதல் காரணம் இந்த வெள்ளை அட்டையில் இருக்கிறது. குறைந்த கட்டணம் தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீடே அதில்தான் ஓடுகிறது.

ஆமாம், எங்கள் வீட்டில் பேனல் இல்லை. தறிக்காரர் வீடு. வீட்டுக்கு ஒரு மீட்டர், தறிக்கு ஒரு மீட்டர். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம், முன்பு 750 ஆக இருந்ததை 2023இல் கூட்டினார்கள். அப்பாவிடம் ஒருமுறை பேச்செடுத்தேன். "ஓசியில வர்றதுக்கு எதுக்கு ஒண்ணே கால் லட்சம்?" என்றார். மறுபேச்சு பேச என்னிடம் ஒன்றுமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் வேறு மாதிரி கேட்டார். அவர் பில் நாலாயிரத்துக்குக் குறையாது, போட்டால் லாபம்தான். "அந்தப் பணத்துக்கு வெள்ளி வாங்கிப் போட்டா என்ன வரும், சொல்லு பாப்பா?" பேனலை பேங்க் டெபாசிட் வட்டியோடு ஒப்பிட்டுக் காட்டத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சேலத்தில் யார் டெபாசிட்டோடு ஒப்பிடுகிறார்கள்? வெள்ளி, சீட்டு, வட்டிக்கு விடுவது, இந்த மூன்றோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

மானியம் முன்னால் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனல் ஏறி, நாம் லைனில் எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் மாட்டி, எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகுதான் 78,000 வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுப் பணத்தையும் வீட்டுக்காரர் புரட்ட வேண்டும். ஆறு, ஏழு சதவீத வட்டிக்கு வங்கிகள் கடன் கொடுக்கின்றன. ஆனால் "லோன்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அட்டையில் யூனிட் நன்றாக இருந்தால் அடுத்து நான் பார்ப்பது பெயர். இங்கேதான் நிறைய வீடுகள் நின்றுவிடுகின்றன. இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும். பில் மட்டும் தவறாமல் அவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கும், பேரன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனில் கட்டிக்கொண்டிருப்பான். மானியத்துக்கு விண்ணப்பம் பில்லில் உள்ள பெயரில்தான் போக வேண்டும். பெயரை மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கேட்கப் போனால், பத்து வருடமாகப் பேசாமல் கிடந்த பாகப் பிரச்சினை பேச்சுக்கு வரும். கொண்டலாம்பட்டியில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே மாடி. நடு அண்ணனுக்கு மட்டும் சோலார் ஆசை. "மாடில மூணுல ஒரு பங்குதான உனக்கு, அதுல போட்டுக்கோ" என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன அந்தப் பங்கில்தான் தண்ணீர் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பில் கட்டுவது குடியிருப்பவர், மாடி ஓனருடையது. யாருக்கும் அக்கறை இல்லை.

அப்புறம்தான் மாடி. மாடி என்பது சும்மா கிடக்கும் இடம் என்று சோலார் விற்கிறவர்கள் நினைக்கிறார்கள். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி கேட்கிறோம். அந்த 100 சதுர அடியில் வடகம் காயும், மிளகாய் காயும், துணி காயும், கோடையில் ராத்திரி பாய் விரியும். இதற்கெல்லாம் பேனலைத் தாங்கும் சட்டத்தை, அதாவது ஸ்ட்ரக்சரை, உயரமாகப் போட்டு அடியில் நடமாட இடம் விடலாம், செலவு கூடும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. "பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு மாடி எடுக்கணும்மா." பையன் எட்டாவது படித்துக்கொண்டிருப்பான். ஆனால் அந்த மாடி அவர்கள் மனதில் ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டது, அதன் தலையில் பேனலை வைக்க விடமாட்டார்கள்.

வாஸ்துவும் உண்டு. சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரி சொச்சத்தில் இருப்பதால் பேனலைத் தெற்கு பார்த்து லேசாகச் சாய்க்கிறோம். அப்படிச் சாய்த்தால் வடக்குப் பக்கம் உயரும். வாஸ்துப்படி தென்மேற்கான கன்னி மூலை உயரமாகவும் வடகிழக்கான ஈசானிய மூலை தாழ்வாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் எல்லா வீட்டிலும் டேங்க் தென்மேற்கு மூலையில் நிற்கிறது. வருடத்தில் பாதி நாள், மத்தியானத்துக்கு மேல் அந்த டேங்கின் நிழல் வடகிழக்குப் பக்கமாக விழும். ஒரு பேனலில் கொஞ்சம் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் இறங்கும் என்பதைப் புரியவைக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி தண்ணீர்க் குழாய் உதாரணம்தான்: தோட்டத்து ஹோஸை ஒரு இடத்தில் மிதித்தால் கடைசி வரை தண்ணீர் குறைகிறதல்லவா. தென்னை மரம் நிழல் போட்டால் சர்வேயை அங்கேயே மடித்து வைத்துவிடுவேன். தென்னம்பிள்ளையை வெட்டச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, வெட்டுகிறவர்களையும் நான் பார்த்ததில்லை.

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தூசி, மற்ற இடங்களில் போர் தண்ணீரின் உப்பு. இரண்டும் கண்ணாடியில் படியும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் ஒரே வருடத்தில் கெட்ட பெயர்தான்.

கெட்ட பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஊரில் நாங்கள் சண்டை போடுவது மின்வாரியத்தோடு இல்லை, பழைய சோலார் வாட்டர் ஹீட்டரோடு. ஒரு காலத்தில் நிறையப் பேர் வாங்கினார்கள். உப்புத் தண்ணீரில் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது, விற்றவர் போனை எடுக்கவில்லை. "சோலாரா? எங்க வீட்டு மாடில ஒண்ணு செத்துக் கெடக்குது, வந்து பாரு" என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அது தண்ணீர் சுட வைப்பது, இது கரண்ட் எடுப்பது என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்.

எதிர்வீட்டு பில்லுக்கு முன்னால் என் பேச்செல்லாம் ஒன்றுமில்லை. ஒரு தெருவில் முதல் பேனல் ஏறும்வரைதான் கஷ்டம். அந்த வீட்டு அக்கா தன் பில்லை போனில் படம் எடுத்து வைத்திருப்பார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார். அடுத்த கோடைக்குள் அதே தெருவிலிருந்து இரண்டு மூன்று போன் வரும். எங்கள் முதலாளி விளம்பரத்துக்குச் செலவு செய்வதை நிறுத்தியதே இதனால்தான். பேசும்போது ஐயாவிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் பெரும்பாலும் வேலை நடக்காது. மாடியில் துணி காயப்போடுகிறவர், கீசரைப் போடுகிறவர், பில்லுக்குக் காசை எடுத்து வைக்கிறவர் அம்மாதான். அவரிடம் ஸ்ட்ரக்சர் எத்தனை அடி உயரம், கொடிக் கயிறு எங்கே போகும் என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கேள்வி மட்டும் எல்லா வீட்டிலும் வரும்: "கரண்ட் போனாலும் இது ஓடும்தான?" ஓடாது. மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண ஆன்கிரிட் சோலார், அந்த லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் செத்ததும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் நம் வீட்டு கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைத் தாக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துகிற நாளில், தலைக்கு மேல் கொளுத்தும் வெயிலில் இரண்டு லட்ச ரூபாய் பேனல் சும்மா நிற்கும். இதைச் சொன்னதும் முகம் வாடாத வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையைத் தாண்டினால் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. தறி நின்றது, பட்டறை நின்றது. அன்றைக்கு எல்லோரும் ஓடியது இன்வெர்ட்டர் பேட்டரி கடைக்கு, சோலார் கடைக்கு இல்லை. பேனல் விலை அப்போது எட்டாத உயரத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அதே மாதிரியான மின்வெட்டு 2022, 2023இல் உச்சத்துக்குப் போனது. அதற்குள் சீனப் பேனல் சரசரவென்று விலை இறங்கியிருந்தது, வசதியுள்ள வீடுகள் பேனலும் லித்தியம் பேட்டரியும் சேர்த்து வாங்கின. நம் மின்வெட்டு பத்து வருடம் தள்ளி வந்திருந்தால் அம்மாபேட்டைக் கூரைகள் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

பாகிஸ்தானில் கட்டணமே ஆளை விரட்டியது. கரண்ட் விலை தாங்க முடியாமல் ஏற, மக்கள் தாங்களாகவே வாங்கி மாட்ட ஆரம்பித்தார்கள். 2024இல் மட்டும் அந்த நாடு சுமார் 17 ஜிகாவாட், அதாவது 1.7 கோடி கிலோவாட், பேனல் இறக்குமதி செய்தது. வங்கதேசத்தில் 2003இல் தொடங்கிய திட்டம் கம்பியே போகாத கிராமங்களுக்குப் போனது. சின்னப் பேனல், ஒரு பேட்டரி, நாலு விளக்கு, மாதத் தவணை. 40 லட்சம் வீடுகளுக்கு மேல் எட்டியது, கம்பி வந்த பிறகு தேவை குறைந்தது. கென்யாவில் செல்போன் வழியாக அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிற முறை பிடித்துக்கொண்டது, கூலிக்காரர் வீட்டுக்கும் விளக்கு போனது. இந்த நாடுகளில் எதிலும் ஆளைத் தள்ளியது வெயில் இல்லை. ஒரு இடத்தில் மின்வெட்டு, ஒரு இடத்தில் பில், இன்னொன்றில் கம்பி இல்லாமை. சேலம் டவுனில் இப்போது அந்த மூன்றில் பில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் 500 யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்கு மட்டும்.

ஏற்காட்டுக்கு ஏறினால் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ். நாகலூர், வெள்ளக்கடை பக்கத்துக் கிராமங்களில் மலையாளி என்கிற பழங்குடி மக்கள் வீடுகளின் அட்டையைப் பார்த்தால் நிறைய வீடுகளில் 100 யூனிட்டே தாண்டியிருக்காது. பில் பூஜ்ஜியம். ஆனால் காற்றடித்து ஒரு சில்வர் ஓக் மரம் லைன்மேல் சாய்ந்தால் விளக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ராத்திரி காட்டெருமை வாசல்வரை வரும். அவர்களுக்கு வேண்டியது பில் குறைவது இல்லை, கரண்ட் போன ராத்திரியில் வெளிச்சம். மத்திய மானியமோ கிரிட்டோடு சேர்ந்த பேனலுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. வேண்டியது ஒன்று, மானியம் கிடைப்பது இன்னொன்று.

மலையில் சோலார் புதிதும் இல்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடும் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளும் கொடுத்தார்கள். நான் போன கிராமங்களில் அந்த வீடுகள் நன்றாகத்தான் நிற்கின்றன. பேனலும் இருக்கிறது. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது, மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் கழற்றி வைத்த பேனலின்மேல் மிளகு காயப்போட்டிருந்தார்கள். கண்ணாடி நன்றாகச் சுடும், சீக்கிரம் காயுமாம்.

போன மாதம் வெள்ளக்கடை தாண்டி ஒரு அக்கா கூப்பிட்டார். ஷீட் கூரை, பாதி நேரம் பனிமூட்டம், தெற்கே சில்வர் ஓக். ஆன்கிரிட் அங்கே எடுபடாது என்று சொல்லிவிட்டேன். முற்றத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு கம்பத்தில் சின்னப் பேனல், ஒரு லித்தியம் பேட்டரி, மூன்று விளக்கு, போன் சார்ஜ், அவ்வளவுதான் வேண்டும். மானியம் இல்லாமல் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். பேட்டரி எத்தனை வருடம் வரும், போனால் யாரிடம் வர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். கடை நம்பரோடு என் நம்பரையும் எழுதினேன். சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டு, "மிளகு வித்த காசு கைக்கு வரட்டும் கண்ணு, சொல்லி அனுப்பறேன்" என்றார்.